நடந்து பார்க்க வேண்டிய தோட்டம்: எர்மனோன்வில்

பாரிஸுக்கு வருகிறவர்கள் தோட்டம் பார்க்க வேண்டும் என்றால் முதலில் வெர்சாய் என்பார்கள், அடுத்து ஓவியர் மொனே வாழ்ந்த ஜிவெர்னி என்பார்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் வரிசையில் நின்று, முன்னால் போகிறவரின் முதுகுப்பையைப் பார்த்துக்கொண்டே நகர்வதில் அலுத்துப்போனவர்களை நான் எர்மனோன்வில்லுக்கு அனுப்பிவைக்கிறேன். பாரிஸுக்கு வடகிழக்கே, வாஸ் மாவட்டத்தில், காட்டை ஒட்டிய சின்ன ஊர். சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து காரில் அரை மணி நேரம்தான். பிரான்சில் இங்கிலாந்துப் பாணியில் போட்ட பழைய தோட்டங்களில் முக்கியமானது அங்கே இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை, 18ஆம் நூற்றாண்டுத் தத்துவ எழுத்தாளரின் பெயரால், ஜான் ஜாக் ரூசோ பூங்கா என்பார்கள்.

போவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இங்கிலாந்துப் பாணித் தோட்டம் என்று இங்கே விளம்பரப்படுத்துவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று 18ஆம் நூற்றாண்டு வகை: புல்வெளி, ஏரி, மரக்கூட்டம், இடையிடையே ஒரு சின்னக் கோயில், ஒரு கல்லறை, ஒரு குகை. பூ என்று ஒன்றும் பெரிதாக இருக்காது. இன்னொன்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த வகை: ரோஜாவும் லாவெண்டரும் மற்ற செடிகளும் கலந்து, நிறம் பார்த்து, உயரம் பார்த்து நட்ட பூப்பாத்திகள். கெர்ட்ரூட் ஜெக்கில் என்ற ஆங்கிலேய அம்மையார் பெயர்பெற வைத்த பாணி அது. எர்மனோன்வில் முதல் வகை. இதைச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்பதை எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா காட்டிக்கொடுத்தார். முப்பது வருடமாகப் பிரான்சில் இருப்பவர். லூர்து மாதா கோயிலுக்குப் போனதைத் தவிர நாட்டுப்புறம் பக்கம் அதிகம் போனதில்லை. பூங்கா வாசலைத் தாண்டி, ஏரிக்கரையில் கால் மணி நேரம் நடந்தபின் நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, ஒரு பூவையும் காணேல்லை! இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கொஞ்சம் கதை வேண்டும்.

பிரெஞ்சு முறைத் தோட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் லெ நோத்ர். 1613இல் பிறந்து 1700இல் இறந்தவர், வெர்சாய்த் தோட்டத்தை வகுத்தவர். அவருடைய தோட்டத்தை மாடியிலிருந்து பார்க்கும் பெரிய கோலம் என்று சொல்லலாம். நேர்கோடு, வட்டம், இடப்பக்கம் இருப்பது வலப்பக்கமும் இருக்கும். மாளிகையின் நடு ஜன்னலில் நின்றால் அரசருக்கு எல்லாம் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் கென்ட், கேப்பபிலிட்டி பிரவுன் போன்றவர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். எந்த ஒரு இடத்தில் நின்றாலும் முழுத் தோட்டமும் தெரியக் கூடாது. நடந்தால்தான் கிடைக்கும். ஒரு வளைவைத் தாண்டினால் ஏரி தெரியும், பத்தடி போனால் மரம் மறைக்கும், மேட்டில் ஏறினால் அதே ஏரி வேறு மாதிரி தெரியும். பிரான்சும் பிரிட்டனும் மோதிய ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தது. தோற்ற பிரெஞ்சுப் பிரபுக்கள் ஜெயித்தவர்களின் தோட்டங்களைப் பார்க்கக் கிளம்பினார்கள். அப்புறம் திரும்பி வந்து, இந்தப் பாணியே சீனாவிலிருந்து வந்தது என்று சொல்லி, ஆங்கிலோ-சீனத் தோட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்துக்காரனிடம் கடன் வாங்கியதாக ஒப்புக்கொள்ளக் கூச்சம் போலிருக்கிறது.

எர்மனோன்வில்லைச் செய்தவர் மார்க்கி என்ற பட்டம் பெற்ற பிரபு ரெனே-லூயி து ஜிரார்தான். 1735இல் பிறந்தவர், படையில் இருந்தவர், ரூசோவின் எழுத்தில் ஊறியவர். இங்கிலாந்துக்குப் போய் வில்லியம் ஷென்ஸ்டோன் என்ற கவிஞரின் லெசோஸ் பண்ணையைப் பார்த்தார். அது பண்ணையாகவும் இருக்கும், தோட்டமாகவும் இருக்கும். பார்க்கத் தகுந்த இடங்களில் இருக்கையும், அந்த இருக்கைகளில் எழுத்தும் இருக்கும். இந்த யோசனை ஜிரார்தானைப் பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பி, தனக்குச் சொத்தாக வந்த எர்மனோன்வில்லில், சதுப்பும் மணலுமாகக் கிடந்த நிலத்தில் 1760களின் நடுவில் வேலையைத் தொடங்கினார். ஏறக்குறைய பத்து வருட வேலை. லோனெத் என்ற சிறு ஆற்றுக்கு அணை போட்டு ஏரி உண்டாக்கினார். ஷென்ஸ்டோனுக்கு நன்றியாகத் தோட்டத்தில் ஒரு நினைவுக் கல்லும் வைத்தார். 1777இல் தன் அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். அதில் அவர் சொல்வது: நிலத்தை அமைப்பது தோட்டக்காரன் வேலை இல்லை, கட்டடக் கலைஞன் வேலையும் இல்லை, ஓவியனும் கவிஞனும் செய்ய வேண்டியது. முதலில் காட்சியைப் படமாகப் போட்டுப் பார், அதன்பின் மண்வெட்டியைத் தொடு என்கிறார். அழகு மட்டும் போதாது, விளைச்சலும் வேண்டும், உழுகிறவன் பிழைக்க வேண்டும் என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. பிரபு எழுதிய தோட்டப் புத்தகத்தில் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது பூங்காவின் நடுவே சாலை போகிறது. ஒரு பக்கம் அகழி சூழ்ந்த மாளிகை, இன்றைக்கு அது விடுதி. மறு பக்கம் ஏரியும் பூங்காவும். அதை மாவட்ட நிர்வாகம் பராமரிக்கிறது. மூலத் தோட்டத்தில் இன்னும் ஒரு பகுதி உண்டு: பாறையும் மணலும் ஊசியிலை மரங்களுமான காட்டுப் பகுதி, பாலைவனம் என்று அதற்குப் பெயர். அது பிரிந்து வேறு கைக்குப் போய்விட்டது. ஆகவே பார்க்கக் கிடைப்பது முழுத் தோட்டம் இல்லை, அதன் நடுப்பகுதி. அதுவே போதும்.

உள்ளே போனதும் அருவிச் சத்தம் கேட்கும். பெரிய அருவி ஒன்றும் இல்லை, அணையின் மேலிருந்து பாறைகளில் வழியும் தண்ணீர்தான். பக்கத்தில் கல் அடுக்கிச் செய்த குகை. ஈரமும் பாசி வாடையும் இருக்கும், வெயில் காலத்தில்கூட உள்ளே சில்லென்று இருக்கும். பிள்ளைகள் இங்கேயே நின்றுவிடுவார்கள். இழுத்துக்கொண்டு போக வேண்டாம், நிற்கட்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கும், இருட்டிலிருந்து ஏரியின் வெளிச்சத்துக்கும் போக வைப்பதற்காகத்தான் அந்தக் குகையே.

ஏரிக்கரைப் பாதையில் முதலில் கவனிக்க வேண்டியது பாப்ளர் தீவு. ஏரிக்குள் சின்னத் தீவு, அதன் மேல் ஒடுங்கி உயர்ந்த பாப்ளர் மரங்கள் வட்டமாக நிற்கும், நடுவில் வெள்ளைக் கல்லறை. தீவுக்குப் போக வழியில்லை, கரையிலிருந்து பார்ப்பதுதான். அந்தக் கல்லறை ஒரே இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்துவிடாது. ஒரு இடத்தில் மரங்களுக்கு நடுவே கல்லின் ஓரம் மட்டும் தெரியும். கொஞ்சம் போனால் முழுவதும் மறைந்து, தண்ணீரில் நிழல் மட்டும் கிடக்கும். இன்னும் போனால் முன்பக்கம் முழுதாகத் திரும்பும். சின்ன பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள். கல்லில் செதுக்கிய உருவங்கள் வெறும் கண்ணுக்கு எட்டாது. அந்தக் கல்லறையை வரைந்தவர் ஓவியர் யூபேர் ரொபேர், இடிந்த கட்டடங்களை வரைவதில் பேர் வாங்கியவர். செதுக்கியவர் லெ சூர், ஆண்டு 1780.

அது ரூசோவின் கல்லறை. 1778 மே மாதம் ஜிரார்தானின் அழைப்பில் ரூசோ இங்கே வந்தார். வயது 65, துரத்தித் துரத்தி அடிபட்ட வாழ்க்கை, உடம்பும் சரியில்லை. துணைவி தெரேஸுடன் மாளிகைக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீட்டில் தங்கினார். காலையில் பூங்காவில் செடி பறித்துச் சேகரிப்பார், வீட்டுப் பிள்ளைகளோடு பேசுவார். ஆறு வாரம்தான். ஜூலை 2ஆம் தேதி காலையில் இறந்துபோனார். 4ஆம் தேதி இரவு, பந்த வெளிச்சத்தில், படகில் கொண்டுபோய்த் தீவில் அடக்கம் செய்தார்கள். அதன்பின் எர்மனோன்வில் யாத்திரைத் தலமாகிவிட்டது. 1780இல் மரி அந்துவானெத் அரசி வந்து பார்த்திருக்கிறாள். அவளுடைய தலையை எடுத்த புரட்சியின் ஆட்களும் ரூசோவைத்தான் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். 1794 அக்டோபரில் அவர்கள் எலும்புகளைத் தோண்டி எடுத்து, நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பாரிஸின் பான்தியோன் மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆக, நாம் கரையிலிருந்து பார்ப்பது வெறும் கல்லறை.

"அப்ப உள்ளுக்கை ஒருத்தரும் இல்லையோ?" என்றார் அக்கா.

இல்லை. ஆனால் பக்கத்தில் இன்னொரு குட்டித் தீவில் ஒருவர் புதைக்கப்பட்டார்: ஜியோர்க் ஃபிரெடெரிக் மேயர் என்ற ஸ்ட்ராஸ்பூர்க் ஓவியர். ஜிரார்தானின் கற்பனைகளைப் படமாகப் போட்டுக் கொடுத்தவர், 1779இல் இறந்தவர். வருகிறவர்கள் எல்லோரும் ரூசோவைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தோட்டத்துக்குத் தோள் கொடுத்தவரை யாரும் கேட்பதில்லை. நான் இதை வழியில் எல்லோருக்கும் சொல்லிவிடுவேன்.

நெப்போலியனும் இங்கே வந்திருக்கிறார், பேரரசராவதற்கு முன், முதல் கான்சல் என்ற பெயரில் நாட்டை ஆண்ட காலத்தில். ரூசோவைப் பற்றி, இந்த மனிதர் பிறக்காமல் இருந்திருந்தால் பிரான்சுக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்றாராம். ஜிரார்தானின் மகன் எதிர்க்கேள்வி போட்டதும், நானும் பிறக்காமல் இருந்திருந்தால் உலகத்துக்கு நிம்மதியாக இருந்திருக்குமா என்பதை வரலாறு சொல்லும் என்கிற பொருளில் பதில் சொன்னதாக அந்த மகனே எழுதி வைத்திருக்கிறார்.

தீவுக்கு எதிர்க்கரையில் ஒரு கல் இருக்கை இருக்கிறது, தாய்மார்களுக்கென்று போட்டது. தாய்மார் தங்கள் பிள்ளைக்குத் தாங்களே பால் கொடுக்க வேண்டும் என்று ரூசோ எழுதியது அந்தக் காலத்தில் பெரிய அலையைக் கிளப்பியது. பணக்கார வீட்டுப் பெண்கள் செவிலித்தாயிடம் பிள்ளையைக் கொடுத்துவிடுகிற காலம் அது. அதனால் அவருடைய கல்லறைக்கு நேராகத் தாய்மாருக்கு இடம். அக்கா அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று. ஐந்து பிள்ளைகளையும் பிறந்ததும் அநாதை விடுதியில் விட்டுவிட்டார் என்று சொன்னேன். அக்கா ஒன்றும் பேசவில்லை, வாய் மட்டும் கோணியது. ரூசோவை மேடையேற்றிப் பேசும் பேராசிரியர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாக விமர்சித்து நான் பார்த்ததில்லை.

இருக்கைகளைப் பற்றி ஒரு யோசனை. இந்த மாதிரித் தோட்டத்தில் இருக்கை கண்டபடி போட்டதில்லை. எங்கே உட்கார இடம் இருக்கிறதோ அங்கே ஒரு காட்சி இருக்கிறது என்று அர்த்தம். கால் வலிக்காவிட்டாலும் உட்காருங்கள். உட்கார்ந்த உயரத்திலிருந்து நேராகப் பாருங்கள். மரங்கள் வளர்ந்து மறைத்துவிட்ட இடங்களும் உண்டு. அங்கேயும், எதைக் காட்டுவதற்காக இதை இங்கே வைத்திருப்பார்கள் என்று யோசித்தால் தோட்டம் பிடிபட ஆரம்பிக்கும். 1788இலேயே இந்தத் தோட்டத்துக்குச் செப்புத்தகட்டுப் படங்களோடு ஒரு வழிகாட்டிப் புத்தகம் வந்துவிட்டது. எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் புத்தகம். அந்தப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. போனில் இறக்கி வைத்துக்கொண்டு, அதே இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. பெரிய பிள்ளைகளுக்கும் இது நல்ல விளையாட்டு.

என்னைக் கேட்டால் எர்மனோன்வில்லில் பார்த்தே ஆக வேண்டியது கல்லறை இல்லை, மேட்டின் மேல் இருக்கும் நவீனத் தத்துவக் கோயில். மரங்களுக்கு நடுவே வட்டமான கட்டடம், கூரை இல்லை, பாதி முடிந்த மாதிரி நிற்கும். இடிந்துபோனது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை, வேண்டுமென்றே முடிக்காமல் விட்டது. இத்தாலியில் திவோலி நகரில் இருக்கும் சிபில் கோயிலைப் பார்த்துச் செய்த வடிவம். 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேனுக்குக் காணிக்கை. ஆறு தூண்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் அவர் உலகத்துக்குத் தந்தது என்ன என்பதும் லத்தீனில் இருக்கும். நியூட்டனுக்கு ஒளி. தெக்கார்த்துக்கு, பொருள்களில் வெற்றிடம் இல்லை என்ற அவருடைய கொள்கை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னுக்கு மனிதநேயம், மொன்டெஸ்கியூவுக்கு நீதி, ரூசோவுக்கு இயற்கை. வால்டேருக்கு? நையாண்டி. ரூசோவும் வால்டேரும் உயிரோடு இருந்தவரை ஒருவரையொருவர் விட்டுவைக்கவில்லை. ஒரே வருடத்தில் ஐந்து வார இடைவெளியில் செத்தார்கள், பான்தியோன் நிலவறையில் எதிரெதிரே கிடக்கிறார்கள். இங்கேயும் ஒரே வட்டத்தில் நிற்கிறார்கள்.

தரையில் ஒரு தூண் கிடக்கும். அதில் இருப்பது: இதை முடிக்கப்போவது யார்? தத்துவம் இன்னும் கட்டி முடியவில்லை, அடுத்து வருகிறவர் தூண் வைக்கட்டும் என்பது ஜிரார்தானின் எண்ணம். கல்லைத் தடவிப் பார்த்தேன். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கிறது, பள்ளத்தில் காய்ந்த பாசி, ஓக் இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. போனில் மொழிபெயர்ப்புச் செயலியைப் பிடித்தால் பிரெஞ்சுப் பலகைகளை ஓரளவு படித்துவிடும், தேய்ந்த லத்தீனில் தடுமாறும். அதனால் தூண்களின் வாசகங்களை வீட்டிலேயே படித்து எழுதிக்கொண்டு போவது நல்லது. வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில், அதாவது காலையிலோ சாயங்காலத்திலோ, எழுத்துகள் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது.

இன்னும் சில சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கின்றன: கனவுக்கென்று ஒரு பலிபீடம், கற்பாறைகளை நட்டுச் செய்த போலித் தொல்மேடை, அப்புறம் பெயர் தெரியாதவர் கல்லறை. 1791இல் காதலில் மனம் உடைந்த ஓர் இளைஞன் இங்கே வந்து உயிரை விட்டான். இந்த மரநிழலில் புதைக்கும்படி கடிதம் எழுதி வைத்திருந்தான். ஜிரார்தான் அப்படியே செய்தார். பிள்ளைகள் கூட வந்தால் இதைத் தாண்டிப் போய்விடுவது என் வழக்கம்.

இயற்கை என்று எல்லோரும் சொல்லும் இந்த இடத்தில் தானாக வந்தது எதுவும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஏரி வெட்டியது, மேடு சரி செய்தது, மரங்கள் நட்டவை. பாப்ளர் நீண்ட ஆயுள் உள்ள மரம் இல்லை, சில பத்து வருடங்களில் உள்ளீடு போய்விடும். தீவில் இன்று நிற்பவை ரூசோவின் அடக்கத்தைப் பார்த்த மரங்கள் இல்லை, மறுபடி மறுபடி நட்டவை. நேர்கோட்டுத் தோட்டத்தில் ஒரு செடி செத்தால் இடைவெளி உடனே கண்ணில் படும். இந்த வகைத் தோட்டம் கெட்டுப்போனால் சட்டென்று தெரியாது. மெல்ல மெல்லக் காடாகி, பார்வைக் கோடுகள் அடைபட்டு, கடைசியில் வெறும் மரங்களாகிவிடும். பராமரிப்பு செய்கிறவர்கள் மரம் வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் கோபப்படாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் ஒரு காட்சியைத் திறந்துவிடுகிறார்கள்.

சரி, நடைமுறை விஷயங்களுக்கு வருவோம்.

எந்த மாதம் போகலாம்? அக்டோபர் கடைசி வாரம் என் முதல் தேர்வு. பீச் மரங்களும் ஓக் மரங்களும் நிறம் மாறி, ஏரியில் அப்படியே விழும். அடுத்தது ஏப்ரல் கடைசி: இலை அரைகுறையாகத் துளிர்த்திருக்கும், காட்சிகள் மறையாது. குளிர்காலத்தில் இலை இல்லாததால் தோட்டத்தின் எலும்புக்கூடு நன்றாகத் தெரியும், ஆனால் சீக்கிரம் இருட்டிவிடும், பூங்காவையும் சீக்கிரம் மூடிவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் எல்லாம் ஒரே பச்சையாக இருக்கும், கொசுவும் இருக்கும். மாதத்துக்கு மாதம் நேரம் மாறும், ஆகவே மாவட்ட நிர்வாகத்தின் தளத்தில் முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். பலத்த காற்று எச்சரிக்கை வந்தால் பிரான்சில் இந்த மாதிரி மரப் பூங்காக்களைப் பூட்டிவிடுவது வழக்கம். வானிலை வரைபடத்தில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே மேல்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு வார இறுதியில் நாடு முழுக்கத் தோட்டங்களைத் திறந்து, தோட்டக்காரர்களே சுற்றிக்காட்டுவார்கள். 2003லிருந்து நடக்கிறது. செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் பாரம்பரிய நாள்கள். வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் தனியார் இடங்களும் அப்போது திறக்கும். கூட்டம் இருக்கும், ஆனால் விளக்கம் சொல்ல ஆள் கிடைப்பார்கள். பிரெஞ்சு தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் பலன் இரட்டிப்பு.

காலணி முக்கியம். நிலம் அடிப்படையில் சதுப்பு. மழை பெய்து இரண்டு நாள் ஆனாலும் ஓரங்களில் சேறு இருக்கும். வெள்ளை ஷூ, பட்டுப் புடவை, பாவாடை சட்டை எல்லாம் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், தோட்டத்துக்கு ஆகாது. ஏரிக்கரைப் பாதை பெரும்பாலும் சமம், வயதானவர்களும் நடக்கலாம். கோயிலுக்கு ஏறும் பாதையில் வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும், குழந்தை வண்டியைத் தூக்க வேண்டி வரும். அக்காவுக்கு முழங்கால் வலி. நின்று நின்று ஏறினார், இறங்கும்போதுதான் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. நிதானமாகப் போனால் இரண்டு மணி நேரம், இருக்கைகளில் உட்கார்ந்தால் மூன்று.

உண்ணி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்துக் காடுகளில் உண்டு. வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை உயரமான புல்லில் கால் வைத்தால் ஏறிவிடும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், புல்லில் துணி விரிக்காமல் படுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு, பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவுவது, தீ வைப்பது வேண்டாம். மருந்துக் கடையில் சின்னக் கொக்கி விற்கிறார்கள், அதை மாட்டித் திருகினால் முழுதாக வந்துவிடும். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

போக்குவரத்துதான் சிக்கல். கார் இருந்தால் ஒன்றும் இல்லை. இல்லாதவர்கள் பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் கே (K) தடத்து ரயிலைப் பிடித்து லெ பிளெஸி-பெல்வில்லில் இறங்கலாம். அங்கிருந்து பூங்கா ஆறேழு கிலோமீட்டர்போல. வார இறுதியில் பேருந்தை நம்ப முடியாது. டாக்சியும் நிலையத்தில் நிற்காது, முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும், திரும்புவதற்கும் சேர்த்து. ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகிற நண்பர்கள் இருக்கிறார்கள், அது நல்ல வழி. அந்த நிலையம் பாரிஸ் வட்டார எல்லையைத் தாண்டி இருப்பதால் உங்கள் மாதச் சீட்டு செல்லுமா என்று ஏறுமுன் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். சார்ல் து கோலில் ஏழெட்டு மணி நேரம் விமானத்துக்குக் காத்திருக்கிறவர்கள், விசா அனுமதித்தால், டாக்சி பிடித்துப் போய்வர முடிகிற தூரம் இது.

சாப்பாடு. பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் மேசை பிடித்தால் சாப்பாடு, இரண்டு மணிக்கு மேல் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். ஞாயிறு பிற்பகலும் திங்களும் கடைகள் பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கார் து நோரில் ரயில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வசதி: நிலையத்துக்குப் பின்னாலேயே லா ஷப்பல், நம் ஆட்களின் கடைத்தெரு. ரோல்ஸ், வடை, கட்டுச்சோறு எல்லாம் வாங்கிக்கொண்டு ஏறலாம். எங்கள் அக்கா இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொண்டுவந்திருந்தார். எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது வாசல் பலகையில் இருக்கும், குப்பையைக் கையோடு கொண்டுவந்துவிட வேண்டும். வழியில் எதிரே வருகிறவர்கள் "போன்ஜூர்" சொல்வார்கள். பாரிஸ் பழக்கத்தில் முகத்தைத் திருப்பாமல் பதில் சொல்லுங்கள். ஒரு முதியவர் அப்படிப் பேச்சுக் கொடுத்துத்தான் மேயரின் தீவு எங்கிருக்கிறது என்று எங்களுக்குக் காட்டினார்.

பூ வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. மூன்று நான்கு கிலோமீட்டரில் ஷாலி மடம். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சிஸ்டெர்சியத் துறவிகளின் இடம், தேவாலயத்தின் இடிபாடுகள் மட்டும் நிற்கின்றன. இவை உண்மையான இடிபாடுகள். பக்கத்து மாளிகையை நெலி ஜாக்மார் என்ற ஓவியர் வாங்கி, கலைப்பொருள்களால் நிரப்பி, 1912இல் இறக்கும்போது பிரான்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற அறிஞர் அமைப்புக்கு எழுதி வைத்தார். உள்ளே ரூசோ தொடர்பான பொருள்களும் இருக்கின்றன. மதில் சூழ்ந்த ரோஜாத் தோட்டம் ஒன்றும் உண்டு, ஜூனில் போனால் மணக்கும். எர்மனோன்வில்லில் சுருங்கியிருந்த அக்காவின் முகம் அங்கே மலர்ந்தது. ஒவ்வொரு செடியின் பெயர்ப் பலகையையும் படமெடுத்தார், கனடாவிலிருக்கும் தங்கைக்கு வீடியோ போட்டார். ஆனால் காரில் திரும்பி வரும்போது அவர் பேசியது ரோஜாவைப் பற்றி இல்லை, முடிக்காத அந்தக் கோயிலைப் பற்றி. யாராவது ஒரு தூண் வைக்க வந்தால் இன்றைக்கு யார் பெயரை வைப்பார்கள் என்று கேட்டார். காரில் இருந்த நான்கு பேருக்கும் நான்கு பதில், அதில் சண்டையே வந்துவிட்டது.

இந்த வகைத் தோட்டம் பிடித்துப்போனவர்களுக்கு இன்னும் சில பெயர்கள் சொல்கிறேன். ஷாம்பூர்சியில் தெசேர் து ரே: உடைந்த ராட்சதத் தூண் வடிவத்தில் கட்டிய நான்கு மாடி வீடு, பிரமிட் வடிவப் பனிக்கட்டிக் கிடங்கு. 1786இல் தாமஸ் ஜெஃபர்சன் வந்து பார்த்த இடம். குறிப்பிட்ட நாள்களில்தான் திறப்பார்கள். எதாம்ப் பக்கம் மேரேவில்: வங்கியாளர் லபோர்த் செலவுக்கு அஞ்சாமல் போட்டது. அவருடைய இரண்டு பிள்ளைகள் லா பெரூஸ் என்ற மாலுமியின் கடற்பயணத்தில் அலாஸ்காவில் மூழ்கி இறந்தார்கள், அவரைப் புரட்சி கில்லட்டினுக்கு அனுப்பியது. தோட்டத்தின் கோயில்களில் பலவற்றைப் பின்னால் பெயர்த்து ஜேர் என்ற வேறொரு பூங்காவில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், எனவே இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் வகையான பூப்பாத்தித் தோட்டத்துக்கு நார்மண்டியில் வராஞ்சவில். அங்கே லட்யென்ஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் 1898இல் கட்டிய புவா தெ மூத்தியே வீடும் தோட்டமும் இருக்கின்றன. சில வருடங்களுக்கு முன் கைமாறியது, ஆகவே திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்து ஊரான சென்த்-மார்கரித்-சூர்-மேரில் வாஸ்தெரிவால் தோட்டம் இருக்கிறது, நார்வேயில் பிறந்த கிரெத்தா ஸ்டூர்ட்சா 1957 முதல் உருவாக்கியது. மரங்களின் கீழ்க்கிளைகளைக் கழித்து, பின்னால் இருப்பது தெரியும்படி விடுவது அவருடைய கைப்பக்குவம். முன்பதிவு செய்துதான் போக முடியும், வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும். அடுத்த மே மாதத்துக்கு அக்கா பெயரையும் சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறேன்.